ஓரமங்கல், ஒளிவாட்டம்: இரண்டு குறைக்கு ஒரே சொல் போதாது

வணக்கம். இரவு வானப் படங்களில் லென்ஸின் குறையால் ஓரங்கள் இருளும் விக்னெட்டிங், வெளி வெளிச்சம் படிந்து ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டிருக்கும் கிரேடியன்ட் ஆகிய இரண்டையும் தமிழில் 'ஒளிமங்கல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. மூலை இருண்ட படத்தைப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், அவற்றைத் திருத்தும் கணக்கு வேறு வேறு.

தை மாதத்து நள்ளிரவில் தேவிபட்டினம் கடற்கரையிலிருந்து ஓரியன் விண்மீன் குழுவிலுள்ள ஒளிரும் வாயு மேகமான ஓரியன் நெபுலாவைப் படமெடுப்பதாகக் கொள்வோம். தென்மேற்கே இராமநாதபுரம் நகரத்தின் வெளிச்சம். கிழக்கே பாக் விரிகுடாவின் இருள். லென்ஸின் குறையால் மூலையில் நடுப்பகுதியின் 70 விழுக்காடு ஒளியே விழுகிறது என்றால், விண்மீன், நெபுலா, வான்வெளிச்சம் மூன்றும் அங்கே அதே அளவில் குறைகின்றன, 0.7 ஆல் வகுத்தால் மூன்றும் சரியாகிவிடும். நகர வெளிச்சமோ நெபுலாவின் ஒளியைக் குறைக்காமல் அதன்மேல் கூடுதலாகப் படிவது. அதைக் கழிக்கத்தான் வேண்டும், வகுத்தால் நெபுலாவும் சேர்ந்து கெடும். லென்ஸின் மங்கல் இரவு முழுதும் மாறாதிருக்க, ஓரியன் மேற்கே இறங்க இறங்க நகர வெளிச்சம் படத்துக்குப் படம் ஏறிக்கொண்டே போகும். 16 படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால், படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சல் (நாய்ஸ்) கால்பங்காகிவிடும். ஆனால் இந்த ஒளி ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கும்.

ஆகவே லென்ஸின் குறையான விக்னெட்டிங்குக்கு 'ஓரமங்கல்' போதும். நகர வெளிச்சத்தால் வரும் கிரேடியன்டுக்கு, மழைநீர் வடிய மொட்டைமாடித் தளத்துக்குக் கொத்தனார் விடும் 'வாட்டம்' என்ற சொல்லை எடுத்து 'ஒளிவாட்டம்' எனலாம். முகவாட்டமும் பயிர்வாட்டமும் நினைவுக்கு வருமே என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால் எந்தப் பக்கம் வாட்டம் என்று கேட்பது நம் பேச்சில் இயல்பாக இருப்பதால், திசையும் சொல்லோடு வந்துவிடுகிறது. மேலே சொன்ன படத்துக்குக் 'கிழக்கு வாட்டம்' என்று எழுதினாலே மேற்கு வெளுத்திருப்பது புரியும்.

ஓரமங்கலை அளந்து திருத்த எடுக்கும் ஃபிளாட் என்பதற்குச் சிலர் எழுதும் 'தட்டைப்படம்' வேண்டாம். லென்ஸின் முகப்பில் வெள்ளை வேட்டித்துணியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி அந்தி வானத்தை நோக்கி எடுக்கும் அந்தப் படத்தில் சீராக இருப்பது ஒளிதானே, 'சமவொளிப்படம்' பொருந்தும்.

சமவொளிப்படத்தால் வகுத்து ஓரமங்கலை நீக்கிய பிறகே ஒளிவாட்டத்தைக் கழிக்க வேண்டும் என்பதைச் சொல் விளக்கத்திலேயே சேர்க்கக் கோருகிறேன். கழிக்க வேண்டிய வெளிச்சத்தை மென்பொருள் அளக்க நாம் குறித்துக் கொடுக்கும் மாதிரிப் புள்ளிகளை நெபுலாவின் மங்கலான விளிம்பில் வைத்தால், மென்பொருள் அதையும் நகர வெளிச்சமென்று எண்ணித் துடைத்துவிடும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே இடம்பெறட்டும்.