ஃப்ராக்: தவளையா, கவையா, மெத்தையா?

கோத்தகிரியிலிருந்து:
குழுமத்தாருக்கு வணக்கம். ஷயர், கிளைட்ஸ்டேல் போன்ற பெரிய இழுவைக் குதிரைகளுக்கு லாடம் கட்டும் கையேடு ஒன்றைப் பயிற்சி வகுப்புக்காகத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். சிக்கிய இடம் இது: "எடை ஏறும்போது குளம்பு விரியும், ஆகவே குதிகால் பக்கம் லாடம் சற்று அகன்று நிற்க வேண்டும். கடைசி ஆணி குளம்பின் மிக அகன்ற இடத்தைத் தாண்டக்கூடாது. லாடத்தின் கைகள் ஃப்ராக்கை அழுத்தக்கூடாது." ஃப்ராக் (frog) என்பது குளம்பின் அடியில் கவைபோல் பிளந்து, மெத்தென்று இருக்கும் பகுதி. பழைய வரைவில் அதற்குத் 'தவளை' என்றிருக்கிறது! தமிழில் என்ன சொல்லலாம்?

உதகையிலிருந்து:
சிரிக்காதீர்கள் அம்மா. பிற்காலக் கிரேக்கத்திலும் இதற்குத் தவளை என்ற பெயர் உண்டு. அதற்கு முன்பே, குதிரையேற்றம் பற்றி எழுதிய கிரேக்கர் செனபோன் தகைவிலான் குருவியின் பெயரால் குறித்தார். பிளந்த வாலை நினைத்திருப்பார். பிரெஞ்சில் சிறு முட்கரண்டி, ஜெர்மனில் ஒளிக்கதிர். நம்மிடம் இரண்டாகப் பிரிவதைக் குறிக்கும் 'கவை' இருக்கிறதே! கவட்டை, கவடு எல்லாம் அதன் உறவு. மலைச்சாரலைக் குறிக்கும் 'கவான்' கூட அதே வேர்தான் என்பேன். கவானில் குடியிருக்கும் நாம் இதை மறக்கலாமா? அப்படியே லாடத்தையும் மாற்றுங்கள். லகரம் மொழிமுதல் வராது. 'குளம்புக்காப்பு' எனலாம்.

கொடைக்கானலிலிருந்து:
ஐயா, இங்கே ஏரிக்கரைக் குதிரைக்காரர்களிடம் குளம்புக்காப்பு கேட்டால் களிம்பு கொடுப்பார்கள். லாடம் இருக்கட்டும். கவை என்றால் மாணவர்கள் மாட்டின் பிளவுபட்ட குளம்பைத்தான் நினைப்பார்கள். இங்கே மழைக்காலத் தொல்லையே இந்த உறுப்பில்தான். நடுப்பள்ளத்தில் சேறு தங்கிக் கறுத்துவிடும். கொக்கியால் சுரண்டினால் குப்பென்று நாறும். நல்ல குளம்பில் கட்டைவிரலை வைத்தால் ரப்பர்போல் அமுங்கும். 'குளம்பு மெத்தை' போதும். அது சரி, இந்த மலையில் ஷயர் ஏது?

கோத்தகிரியிலிருந்து:
மட்டக்குதிரைக்கும் அதே உறுப்புதானே? ஒரு டன்னை நெருங்கும் குதிரையில் லாடம் பிசகினால் சீக்கிரம் தெரிந்துவிடும்.

உதகையிலிருந்து:
மெத்தை கூடாது. ஃப்ராக்குக்கு மேலே, குளம்புக்கு உள்ளே இருக்கும் திசுவுக்கு அந்தப் பெயர் வேண்டும். இங்கேயே செலவழித்துவிட்டால் அடுத்த அத்தியாயத்துக்கு என்ன செய்வீர்கள்? கவான் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கோத்தகிரியிலிருந்து:
வேண்டாம் ஐயா, நேரமில்லை. 'குளம்புக் கவை' என்றே அனுப்புகிறேன், பக்கத்தில் ஒரு படத்துடன்.

கொடைக்கானலிலிருந்து:
படம் போட்டால் பிழைத்தோம். என் வகுப்பில் நான் ஃப்ராக் என்றுதான் சொல்வேன்.