‘ஃபோல்கிஷ்’: இந்தச் சொல் உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது?

ஜெர்மனியில் இருப்பவர்கள், ஜெர்மன் படிப்பவர்கள் எழுதுங்கள், நானே தொடங்குகிறேன். மியூனிக்கில் 2015இல் திறந்த நாஜிக் கால ஆவண மையத்துக்குப் போயிருந்தேன். அங்கேதான் இந்தச் சொல்லைப் பார்த்தேன்: நாஜிக் கட்சி 1920 டிசம்பரில் விலைக்கு வாங்கிய பத்திரிகையின் பெயர் ‘ஃபோல்கிஷர் பெயோபாக்டர்’. ஃபோல்க் என்றால் மக்கள்தானே, ஃபோக்ஸ்வேகனில்கூட அதுதானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ‘ஃபோல்கிஷ்’ சொல்கிற மக்கள் அந்த நாட்டில் வாழ்கிற எல்லாரும் இல்லை, ரத்தத்தால் ஜெர்மானியர் என்று அவர்கள் ஒப்புக்கொண்டவர்கள் மட்டும்தான். யூதர்கள் எத்தனை தலைமுறையாக அங்கே இருந்தாலும் வெளியாள்தான். இதை ஹிட்லர் கொண்டுவந்தார் என்றும் நினைக்க வேண்டாம், அவருக்கு முன்பே யூத வெறுப்புக் குழுக்கள் பெருமையாகச் சூட்டிக்கொண்ட பெயர் இது.

—

எனக்கு 2016 செப்டம்பர். அப்போது ஏ.எஃப்.டி என்ற வலதுசாரிக் கட்சியின் தலைவர்களில் ஒருவராக இருந்த ஃபிரௌகே பெட்ரி, இந்தச் சொல்லுக்கு மறுபடியும் நல்ல பொருள் வரச் செய்ய வேண்டும் என்று ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். மறுநாள் ஆபீஸில் அரசியலே பேசாத ஜெர்மன்காரர் ஒருவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டே அரைமணி நேரம் பொரிந்து தள்ளினார். ஒரு உரிச்சொல்லுக்கா இவ்வளவு கோபம் என்று அன்றைக்குப் புரியவில்லை, அப்புறம் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது.

—

நான் இங்கே குடியுரிமை வாங்கியவன், அதனால் எனக்கு இது பழைய கதை இல்லை. 2017 ஜனவரியில் கார்ல்ஸ்ரூஹே அரசியல் சாசன நீதிமன்றம் என்.பி.டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சியைத் தடை செய்யக் கோரிய வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பிறப்பை வைத்து மக்களைப் பிரிக்கும் அந்தக் கட்சியின் கொள்கை மனித மாண்புக்கே எதிரானது என்றது, ஆனால் நினைத்ததைச் சாதிக்கும் பலம் அதற்கு இல்லை என்று தடை செய்யாமல் விட்டது. இந்த ஆட்களின் பேச்சில் என்னைப் போன்றவர்களுக்கு ‘பாஸ்டாய்ச்சர்’ என்று பெயர், அதாவது பாஸ்போர்ட்டில் மட்டும் ஜெர்மானியன். சட்டம் என்னை முழுக் குடிமகன் என்கிறது, எனக்கு அது போதும்.

—

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நாட்டுப்புற நடனம், பாட்டு பற்றிச் சொல்ல ‘ஃபோல்க்ஸ்டான்ஸ்’, ‘ஃபோல்க்ஸ்லீட்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள், ‘ஃபோல்கிஷ்’ வேண்டாம். தமிழில் மொழிபெயர்க்கும்போது நான் ‘இனத் தூய்மைவாத’ என்றுதான் போடுகிறேன். ‘தேசிய’ என்று போட்டால் விஷம் தெரியாமல் போய்விடுகிறது.