மறுமொழி: 'எக்கோசிஸ்டம் சர்வீசஸ்' – சேவையா, கொடையா, பயனா?

அனைவருக்கும் வணக்கம். ஆறு, காடு போன்ற சூழல்மண்டலங்களிலிருந்து (எக்கோசிஸ்டம்) மனிதருக்குக் கிடைக்கும் நன்மைகளைத்தான் 'எக்கோசிஸ்டம் சர்வீசஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'சூழற்பயன்' என்று நான் சொன்னதற்கு நம் கலைச்சொல் குழுவில் வந்த கேள்விகளுக்கு இது மறுமொழி.

> 'சூழல்மண்டலச் சேவை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இருப்பதை ஏன் கலைக்க வேண்டும்?

கலைக்கும் ஆசை எனக்கும் இல்லை, ஐயா. வடமேற்குச் சீனாவின் தாரிம் ஆற்றைப் பற்றிய கட்டுரையைத் தமிழில் எழுதும்போது மூன்றாவது பத்தியிலேயே அந்தச் சொல் காலை வாரிவிட்டது. "நீரைத் திருப்பியதால் கீழ்ப்பகுதியில் சேவைகள் குறைந்தன" என்று எழுதிவிட்டுப் படித்தால், பஸ்ஸை நிறுத்திவிட்டார்களோ என்று தோன்றுகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடிக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆறு யாருக்குப்பா சேவை செய்யுது? அதுபாட்டுக்கு ஓடுது, நாம எடுத்துக்கிறோம்" என்றார். நம் குழுவில் இருக்க வேண்டியவர்.

கட்டுரையின் சங்கதி இதுதான். தாரிம் கடலைச் சேராத ஆறு. தக்லமாக்கான் பாலைவனத்தின் ஓரமாக ஓடி, ஏரியில் முடிவது. அங்கே மழை பெயருக்குத்தான். கரையோர மரமும் புல்லும் ஆற்றிலிருந்து மண்ணுக்குள் கசியும் நீரை நம்பியே நிற்கின்றன. மேலே பருத்தி வயல்களுக்குத் தண்ணீர் போனது. 1970-களில் தாஷிஹைஸி நீர்த்தேக்கத்துக்குக் கீழே ஏறக்குறைய 320 கிலோமீட்டர் ஆறு வறண்டது. நிலத்தடி நீர் இறங்க இறங்க, பாப்ளர் காடு பட்டுப்போனது. இரண்டு பாலைவனங்கள் கைகோக்காமல் நடுவே நின்றது அந்தக் காட்டுப் பட்டைதான். 2000-லிருந்து காட்டுக்கென்றே தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். 2001-இல் அது கடைசி ஏரியான தைத்தெமா வரை போய்ச் சேர்ந்தது.

இதைச் 'சேவை குறைந்தது' என்றால் பாதிக் கதைதான் வரும். மேலே பருத்தி கூடியது. கீழே மணலைத் தடுத்த காடு போனது. மழை உள்ள ஊரில் ஏதோ கொஞ்சம் ஈடாகும். வறள்நிலத்தில் இருப்பது ஒரே குடம். ஆகவே நமக்கு வேண்டியது, கைமாறக்கூடிய ஒன்றைக் குறிக்கும் சொல். நான் முன்வைப்பது 'சூழற்பயன்'. பயன் கிட்டும், குறையும், நின்றுபோகும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். 'பயன்' என்றதும் 'யாருக்கு?' என்று கேட்கத் தோன்றும். 'சேவை' அந்தக் கேள்வியை எழுப்புவதே இல்லை.

> 'சூழற்கொடை' இன்னும் அழகாக இல்லையா?

அழகுதான். ஆனால் கொடைக்குக் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1913-இல் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் ஆற்று நீரை எடுத்துக்கொண்டது. ஓவன்ஸ் ஏரி வற்றி, உப்புப் புழுதி பறந்தது. அங்கே போய் 'கொடை நின்றது' என்று எழுதினால், ஆறு என்னவோ கஞ்சத்தனம் பண்ணியது போலாகும். கால்வாய் வெட்டியவர் வாக்கியத்திலிருந்தே தப்பிவிடுவார்!

> 'சூழற்பயன்' என்றால் 'சூழலுக்குப் பயன்' என்றும் பொருள் வருமே?

'வினைப்பயன்' என்பதை யாராவது வினைக்குக் கிடைக்கும் பயன் என்று படிக்கிறோமா? 'கல்விப்பயன்' அப்படித்தான். பழகிவிடும்.

அப்புறம், 'வாட்டர் டைவர்ஷன்'. 'நீர் திசைதிருப்பல்' எனக்கு ஒட்டவில்லை. நிதியைத் திருப்பினால்கூட 'மடைமாற்றம்' என்று நாளிதழில் எழுதுகிறார்கள். தண்ணீர்க்காரரின் சொல்லைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கலாமே. ஒரு தயக்கம் உண்டு. வயலில் மாற்றிய மடையை மறுநாள் மண்வெட்டியால் பழையபடி திருப்பிவிடலாம். மத்திய ஆசியாவில் ஆமூ தர்யா ஆற்றிலிருந்து வெட்டிய கரகும் கால்வாயை அப்படித் திருப்ப முடியாது. 'ஆற்று மடைமாற்றம்' என்று முன்னொட்டு சேர்த்தால் அளவு புரியும் என்று நினைக்கிறேன்.

இரண்டு சொல்லையும் எங்கள் ஊர் ஆற்றில் உரசிப் பார்த்தேன். கொசஸ்தலை பாலைவன ஆறு இல்லை, ஒப்பீடு அவ்வளவுதான். 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தால் சென்னை நகரத்துக்குக் குடிநீர். அதுவும் சூழற்பயன்தான், நானும் குடிக்கிறேன். உப்புநீரும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தில் இறால் குஞ்சு வளர்வதும் சூழற்பயன். "மடைமாற்றத்தால் கழிமுகத்தின் சூழற்பயன் நகரத்துக்குக் கைமாறியது." அக்காவிடம் இந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். "இது புரியுது" என்றார்.

ஐ.நா. முயற்சியில் 2005-இல் வந்த மில்லேனியம் சூழல்மண்டல மதிப்பீடு இந்தப் பயன்களைப் பிரிக்கும் நான்கு வகைகளுக்கு என் சொற்கள்: தரும் பயன் (மீன், நார், நீர்), காக்கும் பயன் (புழுதி, வெள்ளம் தடுப்பது), தாங்கும் பயன் (மண் உருவாவது), பண்பாட்டுப் பயன். இரண்டாவதை 'ஒழுங்குபடுத்தும் சேவை' என்று யாரோ எழுதியிருந்ததைப் பார்த்துப் போக்குவரத்துப் போலீஸ் நினைவுக்கு வந்தது, மன்னிக்கவும்.

மாட்டிக்கொண்ட இடம் ஒன்று: கால்வாய் ஓரம் கொசு பெருகுவதைப் போன்ற கெடுதல்களை 'டிஸ்சர்வீஸ்' என்கிறார்கள். 'தீப்பயன்' என்றால் தீயால் வரும் பயனாகிவிடுமோ? இலங்கை நண்பர்கள் சூழல்மண்டலத்தைச் 'சூழற்றொகுதி' என்பவர்கள். அவர்களிடம் வேறு சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். கட்டுரையை அன்று அனுப்பியாக வேண்டும்.