ஆக்குபேஷனல் தெரபி: ‘தொழில்’ வேண்டுமா, ‘செயல்’ போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். அன்றாடச் செயல்களைச் செய்யவைத்தே ஆளைத் தேற்றும் ‘ஆக்குபேஷனல் தெரபி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக ஓடும் இழைக்கு ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஆக்குபேஷன் என்றால் தொழில், தெரபி என்றால் சிகிச்சை. ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்று பலரும் எழுதுகிறார்கள். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நாலு வயதுப் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்க வரவில்லை, சட்டைப் பொத்தான் போட வரவில்லை. மருத்துவர் இந்தச் சிகிச்சைக்கு எழுதிக் கொடுக்கிறார். சீட்டில் ‘தொழில்வழி’ என்று இருந்தால், “இந்த வயசுல இவனுக்கு என்ன தொழில்?” என்று பாட்டி கேட்பார். பக்கவாதம் வந்து ஓய்வூதியத்தில் இருக்கும் தாத்தாவுக்கும் இதே கேள்விதான். இன்று நம் ஊரில் இந்தத் துறையிடம் வருபவர்களில் பலர் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர். அவர்களுக்கு முதலில் புரிய வேண்டிய சொல் இது.

துறை பிறந்த கதையைப் பார்த்தாலும் ‘வேலைவாய்ப்பு’ என்ற பொருள் அதன் மையத்தில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நரம்புத் தளர்ச்சிக்கு வெய்ர் மிட்செல் என்ற மருத்துவர் வகுத்த ‘ஓய்வுச் சிகிச்சை’ பெயர்பெற்றிருந்தது. படு, அசையாதே, ஒன்றும் செய்யாதே. இதற்கு நேர் எதிராக ஹெர்பர்ட் ஹால் என்ற மருத்துவர் 1904 வாக்கில் மாசசூசெட்ஸின் மார்பிள்ஹெட்டில் நோயாளிகளை நெசவு, மண்பாண்டம் என்று கைவேலையில் உட்காரவைத்தார். யாரையும் குயவராக்குவது அவர் நோக்கம் இல்லை. கை ஓடினால் மனம் தெளியும் என்பதுதான் கணக்கு.

இப்போது நாம் சண்டை போடும் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் மருத்துவரே இல்லை, கட்டடக் கலைஞர். பெயர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன். காசநோய் வந்தது, காலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று, அப்புறம் இடப்பக்கம் செயலிழந்தது. நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் ஒரு வீட்டை வாங்கி, தச்சுவேலையும் தோட்டவேலையும் செய்தே தன்னைத் தேற்றிக்கொண்டார். 1914இல் அந்த வீட்டுக்கு ‘கன்சொலேஷன் ஹவுஸ்’ என்று பெயர் வைத்தார். ஆறுதல் இல்லம் என்று வைத்துக்கொள்வோம். 1917 மார்ச்சில் ஆறு பேர் அங்கே கூடித்தான் இத்துறைக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆறு பேரில் மருத்துவர் ஒருவர்தான்: மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்டன். மற்றவர்கள் பார்ட்டன், கனடாவிலிருந்து வந்த இன்னொரு கட்டடக் கலைஞர் தாமஸ் கிட்னர், கைவினை ஆசிரியை சூசன் காக்ஸ் ஜான்சன், சமூகப்பணியாளர் எலினார் கிளார்க் ஸ்லேகல், பார்ட்டனின் செயலர் இசபெல் நியூட்டன். ஒரு மருத்துவத் துறைக்கு இப்படி ஒரு பிறப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஸ்லேகலின் முறையைப் பாருங்கள். நெடுநாள் மனநோயாளிகளுக்குக் காலையில் எழுவது, பல் விளக்குவது, உடுத்துவது, சாப்பிடுவது, கைவேலை, விளையாட்டு என்று நாள் முழுவதையும் ஒழுங்காக்கிப் பழக்கினார். அவருடன் பணியாற்றிய மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 1922இல் வெளியான கட்டுரையில் வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் நான்குக்கும் இடையிலான சமநிலையைப் பற்றி எழுதினார். உறக்கத்தையும் சேர்த்துக்கொள்ளும் ஒன்றைத் ‘தொழில்’ என்று எப்படிச் சொல்வது?

> தொழில் என்றாலே செயல்தானே? தொழிற்பெயர் என்கிறோம், இறைவனின் ஐந்தொழில் என்கிறோம்.

நல்ல அடி. இலக்கணத்திலும் சைவத்திலும் தொழில் என்பது செயல்தான். படைத்தலும் அருளலும் யாருக்கும் சம்பளம் தருவதில்லை. ஆனால் இன்றைய காதில் விழுவது தொழில்வரி, தொழிற்பேட்டை, தொழிற்சங்கம். மருத்துவமனைப் பலகையைப் படிப்பவரிடம் போய் இலக்கணத்தை நினைத்துப் படியுங்கள் என்று சொல்ல முடியாது.

உங்கள் பக்கத்துக்கு இன்னும் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். துறை வேகமாக வளர்ந்தது முதல் உலகப் போரில். காயம்பட்ட சிப்பாய்களைக் கவனிக்க ‘மறுசீரமைப்பு உதவியாளர்’ என்ற பெயரில் பெண்களை அமெரிக்க ராணுவம் வேலைக்கு எடுத்தது. கிட்னர் கனடாவில் பார்த்த பொறுப்பே போர்வீரர்களின் தொழிற்பயிற்சிதான். நம் வேலூருக்கு வாருங்கள். டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தும் அவர்களுக்கு வேலை கொடுக்க ஊரில் ஆள் இல்லை. அதனால் அங்கே ‘நவஜீவ நிலையம்’ அமைத்துத் தச்சுவேலை கற்பித்தார்கள். அங்கே தொழில் என்றால் சோறுதான். ஆனால் அந்தப் பகுதிக்குத் ‘தொழில்சார் மறுவாழ்வு’ என்று தனிச் சொல் இருக்கட்டுமே. முழுத் துறையையும் அதற்குள் அடக்க வேண்டாம்.

ஜெர்மானியர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. அங்கே இந்தப் பணியாளரின் சட்டப்பூர்வமான பெயர் ‘ஈடுபாட்டு - வேலைச் சிகிச்சையர்’ என்பதுபோல் நீண்டு கிடந்தது. 1999 முதல் அதை விட்டுவிட்டு, செயல் என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து ‘எர்கோதெரபி’ என்று மாற்றிக்கொண்டார்கள். பிரெஞ்சிலும் அந்த வேர்தான். நாமும் செயல் பக்கம் சாய்ந்தால் துணைக்கு ஆள் இருக்கிறது.

> ‘வினைவழிச் சிகிச்சை’ எப்படி? அழகாக இருக்கிறது.

இருக்கிறது. ஆனால் போன பிறவிப் பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறார்கள் என்று நினைத்து ஆள் வந்துவிடுவார்கள்.

‘செயல்முறை’ என்ற சொல்லையும் சிலர் எழுதுகிறார்கள். அது காரியம் நடக்கும் விதத்தைத்தான் சொல்கிறது. பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு நினைவுக்கு வரும். என் ஓட்டு ‘செயல்வழிச் சிகிச்சை’க்கு. அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோதே ‘செயல்வழி’ பெற்றோர் காதுக்குப் பழகிவிட்டது. செய்து கற்பது அது, செய்து தேறுவது இது. பணியாளரைச் ‘செயல்வழிச் சிகிச்சையாளர்’ எனலாம். ‘மருத்துவம்’ வேண்டாம் என்பேன். மருந்து எழுதிக் கொடுப்பவர் என்று தோன்றும். ‘ஓ.டி.’ என்ற சுருக்கம் அதைவிட மோசம். மருத்துவமனையில் அது அறுவை அரங்கு, தொழிற்சாலையில் கூடுதல் நேர வேலை.

இந்தியாவில் இத்துறை புதிதும் இல்லை. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் இத்துறையினரின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதற்குப் பிறகும் நாம் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்!

ஒரே ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. இத்துறை நூல்களில் ‘ஆக்டிவிட்டி’ வேறு, ‘ஆக்குபேஷன்’ வேறு. காய் நறுக்குவது முதல் வகை. வீட்டுக்குச் சமைப்பது தன் பொறுப்பு, தன் அடையாளம் என்று ஒருவர் நினைத்துக் காய் நறுக்கினால் இரண்டாம் வகை. ‘செயல்’ என்பதை முதலாவதற்குக் கொடுத்துவிட்டால் இரண்டாவதற்கு என்ன செய்வது? ‘வாழ்வினை’ என்று யோசித்தேன். ‘வாழ்வினைப் பாதிக்கும்’ என்று எழுதும்போது வேற்றுமை உருபா புதுச் சொல்லா என்று தெரியாமல் போகிறது. ‘வாழ்செயல்’ பரவாயில்லை என்று படுகிறது, ஆனால் நாக்கில் இன்னும் ஒட்டவில்லை. பாடநூல் மொழிபெயர்ப்பவர்கள் யாராவது இழையில் இருந்தால் இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். துறைப் பெயரை அதுவரை நிறுத்திவைக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.