வால்வு ரேடியோல தூத்துக்குடி கேக்குது, சென்னை கேக்கல

காசிமேட்டுக்காரன்:
அண்ணே, எங்க நைனாவோட வால்வு ரேடியோ பல வருஷமா பரண்லயே கெடந்துச்சு, போன வாரம் எறக்கி தொடச்சி போட்டேன், வால்வு எல்லாம் எரியுது, ஸ்பீக்கர்லயும் சத்தம் வருது. மீடியம் வேவ்ல ராத்திரி 1053 கிலோஹெர்ட்ஸ்ல தூத்துக்குடி லேசா கேக்குது, ஆனா நம்ம ஊர்ல சும்மா கணீர்னு அடிக்க வேண்டிய 720 சென்னை சுத்தமா இல்ல. முள்ள 900க்கு கீழ கொண்டுபோனா கர கரன்னு ஒரு சத்தம், அப்புறம் கம்முனு ஆயிடுது. கேங்க் (ஸ்டேஷன் மாத்த குமிழோட சேந்து சுத்துற தகடு கண்டென்சர்) தகடு மேல உப்பு மாதிரி வெள்ளையா பூத்திருக்கு, எங்க வூட்டுக்கு கடல் காத்து நேரா அடிக்கும். ஐஎஃப்டி (உள்ள இருக்குற ஐஎஃப் டிரான்ஸ்பார்மர்) நடுவுல திருகுற கோர திருப்பி பாருன்னு ஒருத்தர் சொல்றாரு, திருப்பலாமா? நைனா தெனம் காலைல நியூஸ் கேட்ட செட்டுணா, 720 வந்தா போதும்.

தண்டையார்பேட்டை மெக்கானிக்:
தம்பி மொதல்ல பிளக்க கழட்டு. வால்வு நம்பர் 'யூ'ல ஆரம்பிச்சா, யூசிஹெச் 81 மாதிரி, அது மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இல்லாத செட், சேசிஸ்லயே (பார்ட்ஸ் எல்லாம் மாட்டியிருக்குற தகரத் தட்டு) கரண்ட் நிக்கும், கை வெக்காத. 'ஈ'ன்னா பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் இருக்கும், அப்பவும் பில்டர் கண்டென்சர டிஸ்சார்ஜ் பண்ணிட்டுதான் தொடணும். 60 வாட் குண்டு பல்பு ஒண்ணு சீரிஸ்ல போட்டு ஆன் பண்ணு. பழைய பேப்பர் கண்டென்சர் எல்லாம் லீக் ஆகியிருக்கும், அவுட்புட் வால்வு கிரிட்டுக்கு போறத மொதல்ல மாத்து, அது லீக் ஆனா வால்வும் போயிடும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போயிடும். 630 வோல்ட் பிலிம் கண்டென்சர் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிக்கலாம். ஐஎஃப்டிய தயவுசெஞ்சு தொடாத, தூத்துக்குடி கேக்குதுன்னா ஐஎஃப், அதான் எந்த ஸ்டேஷனா இருந்தாலும் ஒரே பிரீக்வென்சிக்கு மாத்துன சிக்னல பெருசாக்குற பகுதி, வேலை செய்யுதுன்னு அர்த்தம். கோர் ஒடஞ்சி உள்ள மாட்டிக்கிட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

பெரம்பூர் வால்வு பிரியன்:
அண்ணன் சொன்னதுதான் சரி. இது ஆசிலேட்டர் (ஸ்டேஷன் சிக்னலோட கலக்க செட்டுக்குள்ளயே அலை உண்டாக்குற பகுதி) நின்னுபோற கேஸ் மாதிரி தெரியுது. ஒரு பாக்கெட் ரேடியோவ பக்கத்துல வெச்சி 1175ல நிறுத்துங்க, பெரிய ரேடியோ முள்ள 720 பக்கம் மெதுவா ஓட்டுங்க. ஐஎஃப் 455ன்னா 720யும் 455யும் சேந்து 1175, ஆசிலேட்டர் ஓடுதுன்னா பாக்கெட் ரேடியோ இரைச்சல் ஒரு எடத்துல சட்டுனு அடங்கும். அடங்கலன்னா ஆசிலேட்டர் அங்க செத்துபோச்சு. கரகரப்புக்கு கேங்க் தகடு உரசுதான்னு பாக்கணும், கேங்க்ல காயிலுக்கு போற ஒயர கழட்டிட்டு மல்டிமீட்டர பீப்ல வெச்சி குமிழ திருப்புங்க, எங்க பீப் அடிக்குதோ அங்க உரசுது. உப்புத்தாள் மட்டும் போடாதீங்க. ஷாப்ட்ட அழுத்தி புடிச்சிருக்குற பித்தளை ஸ்பிரிங்கையும் சுத்தம் பண்ணுங்க, எர்த்து அது வழியாத்தான் போகுது, எல்லாரும் அத மறந்துடுறாங்க.

காசிமேட்டுக்காரன்:
அண்ணே செஞ்சிட்டேன். 'ஈ' வால்வு செட்டுதான், டிரான்ஸ்பார்மர் இருக்கு. கண்டென்சர் எல்லாம் மாத்தியாச்சு. தகடு ஓரத்துல ஒண்ணு லேசா வளைஞ்சிருந்துச்சு, பிளேடு விட்டு நிமித்தினேன். விசிட்டிங் கார்ட வெட்டி ஐபிஏல (சுத்தம் பண்ணுற ஆல்கஹால்) நனைச்சி தகடு நடுவுல இழுத்தேன், கார்டு கன்னங்கரேல்னு வருது, நாலு கார்டு ஆச்சு. கரகரப்பு போயிடுச்சு, ஆனாலும் 1175 டெஸ்ட்ல இரைச்சல் அடங்கல. அப்புறம் பழைய மெக்கானிக் ஒருத்தர்கிட்ட ஆசிலேட்டர ஓட்டுற வால்வு ஈசிஹெச் 81 வாங்கி போட்டேன், ஒடனே அடங்கிடுச்சு!! இன்னிக்கு காலைல 720ல நியூஸ் வந்துச்சுணா, அம்மா அடுப்ப சின்னதா வெச்சிட்டு வந்து பக்கத்துல ஒக்காந்துட்டாங்க. டயல் நூல் மட்டும் வழுக்குது, அதுக்கு எந்த நூல் போடணும்?

தண்டையார்பேட்டை மெக்கானிக்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. இழுத்தா நீளாத நூல் வேணும், தடியா இருக்குற மீன் புடிக்கிற பின்னல் நூல் போடு, வழவழ நரம்பு போடாத, வழுக்கும். பழைய நூல கழட்டுறதுக்கு முன்னாடி எந்த பக்கம் எத்தன சுத்துன்னு போட்டோ எடுத்து வெச்சிக்க.