பாட்டு கிளாசுக்கு அனுப்பினால் ஐக்யூ 7 கூடுமா?

கண்டனூர்க்காரன்:
காரைக்குடியில ஒரு பாட்டு கிளாஸ் நோட்டீஸ் பாத்தேன். 3 வயசுல சேத்தா ஐக்யூ, அதான் புத்திக்கூர்மை அளவு, 7 புள்ளி கூடுமாம். பெத்தவங்க பயத்த வச்சுக் காசு பாக்குற வேலை இது. அந்த 7 எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? கனடாவுல கிளென் ஷெல்லன்பெர்க் 2004ல வெளியிட்ட ஆய்வு. 6 வயசுப் பிள்ளைக 144 பேரு. சிலருக்குக் கீபோர்டு, சிலருக்கு வாய்ப்பாட்டு, சிலருக்கு நாடகம், மிச்சப் பேருக்கு ஒண்ணுமில்ல. இசை படிச்சவங்களுக்கு 7 கூடுச்சு. படிக்காதவங்களுக்கும் 4.3 கூடுச்சு. வித்தியாசம் 2.7.

வீணைவீட்டு ஆச்சி:
7 கூடுச்சுன்னு உங்க கையாலயே எழுதிட்டீங்க. அப்புறம் நோட்டீஸ்ல என்ன பொய்? காரைக்குடி சாம்பசிவ ஐயர் வீணை வாசிச்ச ஊருல இருந்துகிட்டு இசைய எடை போடுறீங்களே!

கண்டனூர்க்காரன்:
2.7தான், ஆச்சி. ஐயர் ஐக்யூ கூட்டவா வீணைய எடுத்தாரு?

தேவகோட்டைத்தம்பி:
அண்ணே, மேல்நாட்டு மோட்சார்ட் இசையக் கேட்டாலே குழந்தைக்கு மூளை வளரும்ங்கறாங்களே?

கண்டனூர்க்காரன்:
அது 1993ல வந்த ஆய்வு. கேட்டவங்க காலேஜ் பசங்க 36 பேரு. கேட்டது 10 நிமிஷம். பலன் கால் மணி நேரம்கூட நிக்கல. அதுல எந்தக் குழந்தையும் இல்ல, தம்பி. 2020ல சாலா, கோபேன்னு ஆய்வாளருங்க ரெண்டு பேரு, பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்குடுத்த 54 ஆய்வைச் சேத்து வச்சுப் பாத்தாங்க. ஒழுங்கா நடத்துன ஆய்வுகள்ல பலன் கிட்டத்தட்ட பூஜ்யம்.

வீணைவீட்டு ஆச்சி:
பூஜ்யமா? இப்பத்தான் 2.7ன்னீங்க! எங்க வீட்டுப் பிள்ளைக பாட்டோட முதல் பாடமான சரளி வரிசை பாடித்தான் கூச்சம் போயி நாலு பேரு முன்னாடி நிக்குதுக. அதுக்கு எந்த ஊர் ஆய்வும் வேணாம்.

கண்டனூர்க்காரன்:
2.7 அந்த ஒரு ஆய்வுல வந்தது, பூஜ்யம் பல ஆய்வைச் சேத்துப் பாத்தப்ப வந்தது. கூச்சம்னீங்களே, அதே 2004 ஆய்வுல, கூடிப் பழகுற குணம் வளந்தது நாடகக் குழுவுக்கு. இசைக் குழுவுக்கு இல்ல. நானும் என் பேத்திய பாட்டுக்கு அனுப்புறேன். சுருதி காதுல பதியட்டும், தாளம் கையில நிக்கட்டும், அது போதும். மார்க்குக்காக அனுப்புனா, மார்க் வரலன்னதும் பாட்டையும் நிறுத்திருவாங்க. என் கோவமே அதுதான்.

கானாடுகாத்தான் வாசி:
கீபோர்டுல கமகம், அதான் சுரத்த அசைச்சு வளைக்கிறது, வருமா? முதல்ல அதப் பேசுங்க.

தேவகோட்டைத்தம்பி:
வந்துட்டாரு! இவருக்கு வீணை தவிர எல்லாம் விளையாட்டுச் சாமான்.

கானாடுகாத்தான் வாசி:
தேவகோட்டையில வீணைச் சத்தம் கேட்டு எத்தனை வருசமாச்சு?

வீணைவீட்டு ஆச்சி:
கண்டனூர் அண்ணனுக்குக் கடைசி வார்த்தை தன்னுதா இருக்கணும். பழைய வீட்டுத் தூண விக்கலாமான்னு பேசுனப்பவும் இப்படித்தான் நின்னாரு. மறக்கல. ஆய்வுல இருக்கறது 7.

கண்டனூர்க்காரன்:
தூண் விசயத்துலயும் நான் சொன்னதுதான் சரி. 4.3ஐக் கழிக்காம 7ன்னு சொல்றது ஏமாத்து. 2.7.

வீணைவீட்டு ஆச்சி:
7.

கானாடுகாத்தான் வாசி:
கமகத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.