கோணேசர் மலையடியில் தூண்கள் தெரியுமா?

கேள்வி: ஆடியில் ஊருக்கு வருகிறேன். திருகோணமலையில் கோணேசர் மலையடிக் கடலில் மூழ்கிக் கிடக்கும் கோயில் தூண்களை மிதந்தபடியே பார்க்கலாமா? போன முறை நிலாவெளியில் வாடகைக்கு எடுத்த நீச்சல் முகக்கண்ணாடி ஒழுகி, உப்புத் தண்ணீர்தான் குடித்தேன்.

பதில் 1: சரிவராது தம்பி. 1624இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளியவை. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் சுழியோடித்தான் கண்டார்கள். அலை பாறையில் அடித்துவிடும், அனுபவசாலியோடு இறங்குங்கள். நானே சிப்பி மூடிய தூணைப் பாறை என்று தாண்டிப் போய், நேரான விளிம்பைக் கண்டுதான் திரும்பினேன்.

பதில் 2: மிதக்க மட்டும் என்றால் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவு. கண்ணாடிக்குள் எச்சில் தடவி அலசுங்கள், மங்காது. ஒழுகியது மீசையால்தான், அது இருந்தால் கண்ணாடி முகத்தில் ஒட்டாது, மழித்துவிட்டு வாருங்கள்.

கேட்டவர்: மீசையா? யோசிக்க வேண்டும் அண்ணை.